கோயில்குட்டியாருக்கு ஒரு நாள்: நம் சபைக் கமிட்டிக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், கமிட்டிச் செயலர், பொருளாளர், அங்கத்தினர் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நம் கோயிலில் மணி அடித்து, கூட்டி, பூட்டுகிற கோயில்குட்டியாரின் சம்பளத்தில், ஒரு ஞாயிறு மணி பிந்தி அடித்ததற்காக, 270 ரூபாய் பிடித்தம் செய்த தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில் வாசித்தேன். நடந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். அதை மறுபடி எழுதப்போவதில்லை. தீர்மானத்தில் இருக்கிற மூன்று சொற்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை: "ஓய்வுநாளில் கடமை தவறியதால்." எழுதியவர் கையெழுத்துக்கு அனுப்பும் முன் இன்னொரு தரம் வாசித்துப் பார்த்திருக்கலாம்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஒரு முழு நாள், சம்பளத்தோடு, அவருக்கு ஓய்வு கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கவில்லை, திங்கட்கிழமை போதும். பிடித்த பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த ஞாயிறு, ஆராதனைக்கு அடிக்கிற முதல் மணி நாற்பது நிமிஷம் பிந்தித்தான் அடித்தது. ஒத்துக்கொள்கிறேன். முந்தின நாள் அடக்கத்துக்குக் குழி வெட்ட ஆள் கிடைக்காமல், மழையில் அவரே இறங்கி வெட்டினார் என்பதையும் நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். அதே ஞாயிறு ஐயா பிரசங்கத்துக்கு எடுத்த பகுதி யாத்திராகமம் 20. ஓய்வுநாளைப் பற்றி நல்ல பிரசங்கம், குறை சொல்லமாட்டேன். பாதியில் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் அத்தனை தலைகளும் பக்கவாசல் பக்கம் திரும்பின, என் தலையும்தான். சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்தவர் காய்ச்சல் கண்ணோடு எழுந்து போனார். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. ஜெனரேட்டர் கயிற்றை ஒருமுறை இழுத்தார், இருமிவிட்டு நின்றது. இன்னொரு முறை இழுத்தார், அதற்கும் அப்படியே. வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். நாலாவது இழுப்பில் பற்றியது. ஃபேன் சுற்றியது, மைக் உயிர்பெற்றது, விட்ட இடத்திலிருந்து ஓய்வைப் பற்றிய பிரசங்கம் தொடர்ந்தது.

ஐயா, அந்த நேரத்தில் நம்மில் ஒருவருக்கும் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

கோயில்குட்டியாரின் மனைவி பெண்கள் பக்கம் எனக்கு முன்வரிசையில்தான் உட்காருவார். கோயில்குட்டியாரோ ஒரு ஆராதனையை முதல் பாட்டிலிருந்து ஆசீர்வாதம் வரை உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததில்லை. சொந்தப் பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று தொட்டியில் தண்ணீர் நிரப்பியவர் அவர். குடும்பமாக நின்று படம் எடுத்தபோது அவர் பாய்களை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தார். திங்கள் முதல் சனி வரை காலை ஜெபத்துக்கு ஒரு மணி, மாலை ஜெபத்துக்கு ஒரு மணி. நடுவில் கூட்டுவது, பூட்டுவது, கமிட்டிக் கூட்டத்துக்கு டீ வாங்கிவருவது. வாரத்தில் ஏழு நாள்.

செயலர் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. பத்துக் கற்பனைகளை, அதாவது பத்துக் கட்டளைகளை, ஓய்வுநாள் பாடசாலையில் என்னிடம்தான் ஒப்பித்தார். நாலாம் கற்பனை வரும்போது மட்டும் மூச்சு முட்டும். "நீயானாலும், உன் குமாரனானாலும், உன் குமாரத்தியானாலும்" வரைக்கும் வேகமாக வந்துவிட்டு, ஒரே தாவாகத் தாவி "யாதொரு வேலையும் செய்யவேண்டாம்" என்று முடித்துவிடுவார். நடுவில் இருக்கிற "உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும்" காணாமல் போய்விடும். நானும் சின்னப் பையன்தானே என்று முழு மார்க் போட்டேன். அன்று போட்டது தப்பு என்று இப்போது தெரிகிறது.

அந்த வரி மோசே போகிறபோக்கில் சொன்னதில்லை. உபாகமம் 5இல் கற்பனைகள் மறுபடி வருகிறபோது, "நீ இளைப்பாறுவதுபோல" உன் வேலைக்காரனும் இளைப்பாற வேண்டும் என்று கூடுதலாகச் சொல்லப்படுகிறது. காரணமும் மாறுகிறது. யாத்திராகமத்தில் தேவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்ததால் ஓய்வுநாள். உபாகமத்தில், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைப்பதற்காக ஓய்வுநாள். எஜமானுக்குத் தன் பழைய நிலைமை மறந்துபோகும் என்று தெரிந்து வாரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துகிற ஏற்பாடு அது.

பல வருஷங்களுக்கு முன் விடுமுறை வேதாகமப் பள்ளிப் பயிற்சியில் ஒரு வயதான போதகர் சொல்லிக்கொடுத்தது இன்னும் நினைவில் நிற்கிறது. யாத்திராகமம் 31:17இல் கர்த்தர் ஏழாம் நாளிலே "ஓய்ந்திருந்து பூரித்தாரே" என்று நம் மொழிபெயர்ப்பில் வாசிக்கிறோம். 23:12இலோ அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் "இளைப்பாறவும்" என்று வாசிக்கிறோம். எபிரெயுவில் இரண்டும் ஒரே வினை. மூச்சு, உயிர் என்று பொருள்படும் 'நெஃபெஷ்' என்ற சொல்லின் வேரிலிருந்து வந்தது. நின்று மூச்சு வாங்கிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஏற்பாடு முழுவதிலும் அந்த வினை மூன்றே இடத்தில்தான் வருகிறதாம். ஒன்றில் மூச்சு வாங்குகிறவர் வானத்தையும் பூமியையும் படைத்தவர். இன்னொன்றில் அடிமைப்பெண்ணின் மகன். மூன்றாவது, அப்சலோமுக்குப் பயந்து ஓடிக் களைத்துப்போன தாவீது ராஜா. நம் கோயில்குட்டியாரை இந்த மூவரோடு சேர்க்கத்தான் கேட்கிறேன். பெரிய பதவி ஒன்றும் கேட்கவில்லை.

ஆசாரியர்கள் ஓய்வுநாளில் வேலை செய்தாலும் குற்றமில்லை என்று ஆண்டவரே மத்தேயு 12இல் சொல்லியிருக்கிறாரே, கோயில் வேலை ஊழியம், அதற்கு ஏது விடுமுறை என்று கூட்டத்தில் ஒரு அங்கத்தினர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். வசனம் சரிதான். ஓய்வுநாளில் பலி உண்டு, இரண்டு ஆட்டுக்குட்டிகளை அதிகமாகவே செலுத்த வேண்டும். ஆனால் அந்த ஆசாரியர்கள் எத்தனை வகுப்பு என்று 1 நாளாகமம் 24ஐப் புரட்டிப் பார்த்தாரா? 24 வகுப்பு. முறை போட்டு வந்தார்கள். வாசல்காவலாளருக்கும் அப்படியே, கிராமங்களில் இருந்த அவர்களுடைய சகோதரர் ஏழு நாள் முறைக்கு வந்து மாற்றிவிட்டார்கள் என்று ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. யோவான்ஸ்நானனின் தகப்பன் சகரியா அபியாவின் வகுப்பைச் சேர்ந்தவர், அது எட்டாம் வகுப்பு. தேவதூதனையே பார்த்து, பேச்சும் போய்விட்டது. அப்பேர்ப்பட்ட மனிதர்கூட ஊழியத்தின் நாட்கள் முடிந்ததும் தன் வீட்டுக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார். நம் கோயிலில் வகுப்பு ஒன்றுதான், அதில் ஆளும் ஒருவர்தான். அவர் எப்போது வீட்டுக்குப் போவார்?

இன்னொரு சொல்லும் காதில் விழுந்தது. "சோம்பேறித்தனம் கூடிப்போச்சு" என்றாராம் ஒருவர். பெயர் எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். வேதத்தில் இந்தப் பேச்சை முதலில் பேசியவன் யார் என்று மட்டும் சொல்கிறேன். மூன்று நாள் பயணம் போய்க் கர்த்தருக்குப் பலியிட விடுங்கள் என்று கேட்ட ஜனங்களைப் பார்த்து, "நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள்" என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னவன் பார்வோன். சொன்னதோடு வைக்கோலையும் நிறுத்தினான், செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. அவனாவது கூலியில் பிடித்தம் செய்ததாக எழுதியில்லை.

கொஞ்சம் வரம்பு மீறுகிறேன், தெரிகிறது. ஆனாலும் எழுத ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளிகளுக்கு ஞாயிறு விடுமுறை கேட்டு நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் வருஷக்கணக்கில் போராடி 1890இல் வாங்கிக்கொடுத்தார். அவர் நம் சபையார் இல்லை, ஜோதிராவ் பூலேவின் சத்தியசோதக் சமாஜத்துக்காரர். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை இருந்தது. ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் நம் சட்டசபை சட்டம் திருத்தியது. சீனாய் மலையில் கற்பலகை வாங்கின நாம் இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறோம். சபைத் தேர்தல் என்றால் ஓட்டுப் போட வேன் பிடிக்கப் பணம் வருகிறது. அசனத்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு வேகிறது, மிஞ்சியதை அள்ளி அண்டா கழுவி வைப்பதும் கோயில்குட்டியார்தான். மாற்று ஆள் ஒருவருக்கு ஒரு நாள் கூலி என்றால் மட்டும் பொருளாளருக்கு நிதி நிலைமை ஞாபகம் வந்துவிடுகிறது. எனக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. அவருக்கு அறுபத்தொரு வயது. ஊதியமே இவ்வளவுதான், ஓய்வு என்ற பேச்சே இல்லை.

மன்னிக்க வேண்டும். சண்டை போட வரவில்லை, கேட்கத்தான் வந்தேன். ஐயா, நீங்கள் இந்தச் சேகரத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. இந்த வழக்கத்தை உண்டாக்கியது நீங்கள் இல்லை. எத்தனையோ வருஷமாக மாதச் சங்கக் காணிக்கை கட்டிவிட்டு நானும் அதே பாயில் உட்கார்ந்துதான் இருந்தேன். ஆகையால் இந்தக் குற்றச்சாட்டில் என் பங்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அடுத்த கூட்டத்தில் இதை வைத்து, வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை, சம்பளத்தோடு ஓய்வு என்று தீர்மானம் எழுதும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். 270 ரூபாயையும் அதே பக்கத்தில் எழுதித் திருப்பிவிடுங்கள். மாற்று ஆளுக்குப் பணமில்லை என்றால் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன், நாலு பேர் முறை போட்டு வரச் சம்மதித்திருக்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் மூன்று பேர் இருக்கிறோம். முதல் திங்கட்கிழமை காலை மணிக்கு நான் வருகிறேன். மணிக்கயிறு மட்டும் எனக்கு எட்டாத உயரத்தில் முடிந்திருக்கிறது. ஒரு முழம் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். அதையும் கோயில்குட்டியாரிடம் சொல்லிவிடாதீர்கள், வேறு யாரையாவது கட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் பலருக்குக் கற்பனைகள் சொல்லிக்கொடுத்த
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி