எஸ்டேட் குடியிருப்புகளிலேயே மாலை நேர வகுப்பு நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்
தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் பெற்றோர்,
வால்பாறை வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: வால்பாறை எஸ்டேட் மாணவர்களுக்கான மாலை நேரச் சிறப்பு வகுப்புகளை அவர்களின் குடியிருப்புப் பகுதியிலேயே நடத்த வேண்டுதல் - தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் பிள்ளைகள் பொள்ளாச்சி கல்வி மாவட்டத்தைச் சேர்ந்த அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கும், மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று பிரித்து வைத்திருப்பவர்களுக்கும் பள்ளி முடிந்ததும் சிறப்பு வகுப்பு நடக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வகுப்பு யாருக்கு மிகவும் தேவையோ, அந்த எஸ்டேட் பிள்ளைகள்தான் முதலில் எழுந்து போகிறார்கள். பள்ளி விடும் நேரத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். சில எஸ்டேட்டுகளுக்கு அதுவும் கிடையாது.

பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரோட்டிலிருந்து லைன் வீடு (தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு) வரை தேயிலைக்கு நடுவில் நடக்க வேண்டும். பக்கத்தில் யானை நின்றால் எச்சரிக்கச் சிவப்பு விளக்கு எரிகிற ஊர் இது. யானைக்கு விளக்கு உண்டு, சிறுத்தைக்குக் கிடையாது. 2025 ஜூன் மாதம் ஜார்க்கண்ட் தொழிலாளி ஒருவரின் பெண் குழந்தையை வீட்டருகிலிருந்தே சிறுத்தை இழுத்துச் சென்றது. ஆகஸ்ட் மாதம் அசாம் தொழிலாளி ஒருவரின் மகன் வனவிலங்கு தாக்கி இறந்தான். இதற்கெல்லாம் பிறகு, ஆறு மணிக்கு மேல் பிள்ளையைத் தனியாக நடந்து வா என்று எந்தத் தாய் சொல்வாள்? கூட்டிவரப் போகலாம் என்றால், இலை எடை போட்டுவிட்டு அவள் வீடு திரும்பும் நேரமும் அதுதான்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இந்த மனு எழுதவில்லை. அவர்களில் சிலர் ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து பாடம் எடுத்துவிட்டு, மறுபடி பஸ் பிடித்து இறங்குகிறவர்கள். அவர்களை ராத்திரி வரை நிற்கச் சொல்வதும் நியாயமில்லை.

சமவெளியில் இல்லாத இன்னொரு கஷ்டம் மழை. தென்மேற்குப் பருவமழை வலுத்தால், மாவட்டம் முழுக்கப் பள்ளி நடக்கும்போது வால்பாறை வட்டத்துக்கு மட்டும் விடுமுறை அறிவிக்கிறீர்கள். அது சரியான முடிவு, அதில் எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அப்புறம் வரும் சனிக்கிழமைகளில் அந்த நாட்களை ஈடுகட்டப் பார்க்கிறார்கள். நாள் கணக்கு சரியாகிவிடுகிறது, பாடம் சரியாவதில்லை. எங்கள் பெண் ஒருத்தி அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் கணக்கில் வடிவியலைத் தொடவே இல்லை. கையில் குறைந்தபட்சக் கற்றல் கையேடு. அதில் எந்தக் கேள்வியை மனப்பாடம் செய்தால் 35 வரும் என்று கோடு போட்டு வைத்திருக்கிறாள். பாஸாகிவிடுவாள். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு உள்ள பிரிவு கேட்டால் என்ன செய்வாள் என்பதுதான் எங்கள் கவலை.

வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டில் பேசுவது சாத்ரி (ஜார்க்கண்ட் பக்கத்து மொழி), இந்தி, அசாமி. லைன் வாசலில் எங்கள் பையன்களோடு சேர்ந்து "டேய், பந்தைப் போடுடா" என்று கத்தும் நாலாம் வகுப்புப் பையனுக்குத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியும் எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. பேச்சு வந்துவிட்டதால் பாடமும் புரியும் என்று எல்லோரும் நினைத்துவிடுகிறோம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 4ஆம் பிரிவு, தாமதமாகச் சேரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்கு இணையாக வரத் தனிப் பயிற்சியும் தரச் சொல்கிறது. பிள்ளையின் கற்கும் திறனை அறிந்து தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. வகுப்பில் சேர்ப்பது நடக்கிறது. மற்றது நடப்பதாகத் தெரியவில்லை.

டியூஷன் வைக்கலாமே என்று கேட்கலாம். டியூஷன் இருப்பது வால்பாறை டவுனில். கட்டணத்தைக்கூட எப்படியாவது புரட்டலாம். மாலை பஸ்ஸுக்கு என்ன செய்வது?

வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாலை 5 முதல் 7 மணி வரை, ஏறக்குறைய 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, 1 முதல் 8ஆம் வகுப்பு வரை. எங்கள் மலைக்கென்றே யோசித்துச் செய்தது போன்ற திட்டம் அது. பிள்ளை நடக்க வேண்டியது நாலு வீடு தள்ளி மட்டும்தான். அதே முறையை எஸ்டேட் வாரியாக, பத்தாம் வகுப்பையும் சேர்த்து, எங்களுக்கு நிலையாக அமைத்துத் தாருங்கள்.

சொல்லித்தர ஆள் கீழேயிருந்து வர வேண்டாம். வால்பாறை அரசுக் கலைக் கல்லூரியில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எங்கள் லைன்களிலேயே இருக்கிறார்கள். ஊக்கத்தொகையை இன்றைய விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்தி, மாதம் தவறாமல் கொடுத்தால் வருவார்கள். இந்தியோ சாத்ரியோ தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் வடமாநிலப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தை அங்கேயே ஆரம்பித்துவிடலாம்.

இடம்தான் பிரச்சினை. எஸ்டேட்டில் குழந்தைகள் காப்பகம், தொழிலாளர் மன்றம் என்று கட்டடங்கள் இருக்கின்றன. மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. நாங்கள் போய்க் கேட்டால் ஆபீஸில் "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்பதோடு சரி. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கு நிர்வாகத்தையும் பொறுப்பாக்க 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இடமிருந்தது. தாங்கள் ஒரு கடிதம் அனுப்பினால் இரண்டு மணி நேரத்துக்குச் சாவி கிடைக்கும். வாசலில் ஒரு விளக்கும், சுற்றிலும் புதர் வெட்டித் தர நகராட்சிக்கு ஓர் உத்தரவும் கூடவே வேண்டும்.

இது நடைமுறைக்கு வரும் வரை, பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பைக் காலை நேரத்துக்கு மாற்றவோ, வகுப்பு முடியும் நேரத்துக்கு ஏற்ப மாலை பஸ் ட்ரிப்பைத் தள்ளி வைக்கவோ முதன்மைக் கல்வி அலுவலரும் போக்குவரத்துக் கழகமும் கலந்து பேச உத்தரவிடுங்கள். பொதுத்தேர்வுக்கு அதிக மாதங்கள் இல்லை. எனவே பஸ் நேரத்தை மட்டுமாவது இந்த மாதமே முடிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வால்பாறை வட்ட எஸ்டேட் பெற்றோர்

இணைப்பு: பெற்றோர் கையொப்பங்கள், எஸ்டேட் வாரியாக மாணவர் பட்டியல், சொல்லித்தர முன்வந்துள்ள பட்டதாரிகளின் விருப்பக் கடிதங்கள்.