பெரிய ‘எம்’ போட்டால் பதவி பெரிதாகிவிடுமா?

அரசியல் தலைவர்களுக்காக ஆங்கிலச் செய்திக்குறிப்பு எழுதுவோருக்கு,

வணக்கம். உங்கள் குறிப்புகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. அதில் பாதி நேரம் பெரிய எழுத்துகளை (கேப்பிட்டல்) சிறிய எழுத்துகளாக்குவதிலேயே கழிகிறது. அண்மையில் வந்த ஒரு குறிப்பில் ‘மினிஸ்டர்’ பதினோரு முறை. பதினோரு முறையும் பெரிய ‘எம்’. எதிர்க்கட்சித் தலைவரின் பதவிக்கு மட்டும் சிறிய எழுத்து!

ஆங்கில எழுத்துநடைக்கு வழிகாட்டும் அசோசியேட்டட் பிரஸ் கையேடும் சிகாகோ கையேடும் இதில் ஒத்துப்போகின்றன. ‘பிரசிடென்ட் லிங்கன்’ என்று பெயருக்கு முன் ஒட்டி வந்தால் பெரிய ‘பி’. ‘தி பிரசிடென்ட்’ என்று தனியே வந்தால் சிறிய ‘பி’. அவ்வளவுதான். பலரும் வழுக்கும் இடம் காற்புள்ளி. ‘தி பிரைம் மினிஸ்டர், வின்ஸ்டன் சர்ச்சில்’ என்று எழுதும்போது பெயர் பக்கத்திலேயே இருந்தாலும் பதவிக்குச் சிறிய எழுத்துதான். அங்கே அது பெயரோடு ஒட்டவில்லை, ஆள் யார் என்று விளக்குகிறது. நேரில் விளிக்கும் ‘மிஸ்டர் பிரசிடென்ட்’ வேறு கதை. பெயரின் இடத்தில் நிற்பதால் அதற்குப் பெரிய எழுத்து உண்டு.

அமெரிக்க அரசு வெளியீட்டு அலுவலகத்தின் கையேடு, தம் நாட்டு அதிபரைப் பெயரில்லாமல் குறித்தாலும் பெரிய எழுத்துப் போடச் சொல்கிறதே என்பீர்கள். உண்மைதான், அது அந்த அலுவலகத்தின் வழக்கம். 1787இல் எழுதிய அமெரிக்க அரசமைப்பைக் காட்டுவோரும் உண்டு. அதன் முகப்புரையில் ‘இன் ஆர்டர் டு’ என்பதிலுள்ள ‘ஆர்டர்’கூடப் பெரிய ‘ஓ’வில்தான் தொடங்குகிறது. பெயர்ச்சொற்களுக்கெல்லாம் தாராளமாகப் பெரிய எழுத்துப் போட்ட காலம் அது. ‘ஆர்டர்’ என்ற சொல்லுக்கு யாரும் மாலை போடவில்லை.

நம் கை ஏன் இப்படிப் போகிறது என்பது எனக்குப் புரியாமலில்லை. தமிழில் எழுத்துக்குப் பெரிது, சிறிது கிடையாது. மரியாதையை ‘ஆர்’ விகுதியிலும் ‘அவர்கள்’ என்ற சொல்லிலும் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ‘அவர்கள்’ இல்லாத குறையைப் பெரிய எழுத்தால் நிரப்புகிறோம். தொடக்கத்தில் நானும் நிரப்பியவன்தான்.

எந்தக் கையேட்டை வேண்டுமானாலும் பின்பற்றுங்கள். ஆனால் உங்கள் தலைவருக்கு எந்த விதியோ, எதிரணித் தலைவருக்கும் அதே விதி இருக்கட்டும். அதுவரை என் மேசைக்கு வரும் அந்தப் பெரிய ‘எம்’கள் சிறியதாகித்தான் அச்சுக்குப் போகும்.

இப்படிக்கு,
ஒரு பிரதித் திருத்துநர்