ஒன்றரை நிமிட ஒலி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில வகுப்பில் இணையம் என்றாலே 20 நிமிட இலக்கணக் காணொளியை ஓடவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது கரும்பலகையிலேயே முடிகிற வேலை. ஆங்கிலம் பேசுவோரின் இயல்பான குரலும் அவர்கள் எழுதும் வாக்கியங்களும் கரும்பலகையில் கிடைக்காது. இணையம் தேவைப்படுவது அதற்குத்தான்.

கேட்கும் பயிற்சிக்கு 60 முதல் 90 விநாடி உரையாடல் போதும். அதிலேயே ஏறத்தாழ 200 சொற்கள் வந்துவிடும். முதல் முறை திரையை மறைத்துவிட்டு, யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற ஒரே கேள்வி. இரண்டாம் முறை விவரங்கள். மூன்றாம் முறை, பேச்சின் எழுத்து வடிவத்தில் எட்டுப் பத்துச் சொற்களை நீக்கிக் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும். எதை நீக்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெயர்ச்சொற்கள் அழுத்தமாக ஒலிப்பதால் எவர் காதிலும் விழும். 'ஹேவ்', 'ஆஃப்', 'டு' போன்ற சிறு சொற்களை நீக்குங்கள். பேச்சில் 'ஷுட் ஹேவ்' என்பது 'ஷுடவ்' ஆகிவிடுகிறது. மாணவர் கோட்டைவிடுவது அங்கேதான்.

ஒலி ஓடும் வேகத்தை 0.75 மடங்கு வரை குறைக்கலாம். 0.5-க்குப் போனால் குரல் இழுபட்டு, கேட்கவே சகிக்காது. சொற்றொடர் முடியும் இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கேட்பது அதைவிட நல்லது. யூடியூப் தானாகத் தரும் வசன வரிகளை அப்படியே அச்சிட வேண்டாம். பெயர்களும் நிறுத்தக்குறிகளும் அடிக்கடி பிழைபடும்.

சொல் வழக்கைத் தேடுபொறியில் சரிபார்ப்பதும் ஆபத்து. 'டிஸ்கஸ் அபவுட்' என்ற பிழையான வழக்கைத் தேடினால் பக்கம் பக்கமாக வரும். சரிதான் போல என்று மாணவர் முடிவுகட்டிவிடுவார். 100 கோடிச் சொற்களுக்கு மேல் உள்ள 'கோகா' என்ற அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் (உண்மையான பேச்சு, எழுத்துகளின் தொகுப்பு) 'டிஸ்கஸ்' வரும் 20 வாக்கியங்களை எடுத்துக் கொடுத்து, அடுத்த சொல்லை அடிக்கோடிடச் சொல்லுங்கள். விதியை அவர்களே சொல்வார்கள். அங்கே பதிவு செய்ய வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை தேடல்தான் என்ற வரம்பும் உண்டு என்பதால், வகுப்பே ஒரே நேரத்தில் தேடுவது நடவாது.

வாசிப்புக்கு எளிய ஆங்கில விக்கிப்பீடியா உதவும். 100 சொற்களில் தெரியாதவை ஐந்தைத் தாண்டினால் வேறு பக்கம் பாருங்கள். எந்தப் பக்கமானாலும் முந்தைய நாளே பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்து, சுழலும் வட்டத்தை 40 பேர் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வராது.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்