ஓல்ஷ்டினிலிருந்து முரளிக்கு

அன்புள்ள முரளி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று எழுதியிருந்தாய், நிம்மதி. நான் வேலை மாறி வார்சாவிலிருந்து ஓல்ஷ்டினுக்கு வந்துவிட்டேன். ஏரிகளுக்கு நடுவில் ஊர். இப்போது போலந்தில் இருந்தாலும், 1945 வரை இது ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யா, அப்போது பெயர் ஆலன்ஷ்டைன்.

நீ சரித்திரப் பைத்தியம், அதனால் சொல்கிறேன். 1914-இல் ரஷ்யப் படையை முறியடித்ததைக் கொண்டாட, பக்கத்து ஓல்ஷ்டினெக் அருகே எட்டுக் கோபுரங்களோடு கோட்டை மாதிரி டானன்பர்க் நினைவுச்சின்னத்தைக் கட்டினார்கள். 1927-இல் திறந்தது. 1934-இல் ஹிட்லர், அந்தப் போரில் ஜெர்மன் படைக்குத் தலைமை தாங்கிய ஹிண்டன்பர்க்கை அங்கே அடக்கம் செய்து, இடத்தையே தன் கட்சிக்குக் கோயிலாக்கிக்கொண்டார். 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியதும் ஜெர்மன்காரர்களே சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வெடி வைத்துவிட்டுப் போனார்கள். மிச்சம் கிடந்த கருங்கல்லைப் பெயர்த்துக்கொண்டுவந்து 1954-இல் இங்கே நகர நடுவில் சோவியத் ராணுவத்துக்கு நன்றிச் சின்னம் எழுப்பினார்கள்! செதுக்கிய துனிகோவ்ஸ்கி நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். ஊர்க்காரர்கள் அதைத் 'தூக்குமரம்' என்கிறார்கள், அந்த இரண்டு தூண்களைப் பார்த்தால் நீயும் அதைத்தான் சொல்வாய். 2022-இல் உக்ரைன் மேல் ரஷ்யா படையெடுத்த பிறகு அகற்றச் சொல்லும் குரல் உரத்துவிட்டது, விட்டுவையுங்கள் என்பவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, முதல் உலகப்போரில் செத்த சிப்பாய்களுக்கு ஜெர்மன் காலத்தில் வைத்த நினைவுக் கற்கள் மேல் இருந்த கோபம் தணிந்திருக்கிறது. போருக்குப் பிறகு ஊர் ஊராக அவற்றை உடைத்தார்கள், சிலவற்றில் எழுத்தைச் சுரண்டிவிட்டு மாதா சிலை வைத்தார்கள். 1990-க்குப் பின் பல இடங்களில் போலந்துக்காரர்களே புதரை வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். டானன்பர்க்கின் கல் சிங்கம்கூட இப்போது ஓல்ஷ்டினெக் நகரசபை முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

கிராமத்துக் கற்களில் பெயர்களைப் படித்துப் பார், பாதி போலிஷ் குடும்பப் பெயர்களாகத்தான் இருக்கும், இந்தப் பக்கத்து மசூரியாக்காரர்கள் வீட்டில் போலிஷ் பேசிக்கொண்டு ஜெர்மன் பேரரசர் கைசரின் படையில் செத்தவர்கள். அந்தப் பெயர்கள் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் தெற்குப் போலந்தின் ஓப்போலே பக்கம் 90-களில் ஜெர்மன் சிறுபான்மையினர் இப்படிப்பட்ட கற்களில் இரண்டாம் உலகப்போரில் செத்தவர்களையும் இரும்புச் சிலுவை என்ற ஜெர்மன் ராணுவச் சின்னத்தோடு சேர்த்தபோது வந்த எதிர்ப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஹிட்லரின் படையால் வீட்டில் ஆளை இழந்தவன் அதைத் தினமும் பார்த்துக்கொண்டு போக வேண்டுமா?

தூக்குமரத்தைப் பற்றி மட்டும் எனக்கு முடிவு பிடிபடவில்லை. செதுக்கியவரை நினைத்தால் உடைக்க மனம் வரவில்லை, உக்ரைனிலிருந்து வந்து எங்கள் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களை நினைத்தால் நகர நடுவில் வேண்டாம் என்றும் படுகிறது. உனக்கு என்ன தோன்றுகிறது? அடுத்த கடிதத்தில் சண்டை போடு.

அன்புடன்,
செல்வம்