மீனுக்கு வந்தது, என் பேத்திக்கு வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் அறிவியல் பக்கத்தில் ஸ்வீடன் நாட்டு 'உயிருள்ள மின்னணுவியல்', அதாவது உடம்புக்குள்ளேயே மின்சாரம் கடத்தும் பொருளாக மாறுகிற ஒரு ஜெல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படம் அழகாக இருந்தது. கட்டுரையும் முக்கால்வாசி சரிதான். கடைசிப் பத்தியில்தான் அந்த வரி: 'இனி சர்க்கரை நோயாளிகள் விரலில் குத்திப் பார்க்கும் அவதிக்கு முடிவு வந்துவிட்டது.' அந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் பேத்திக்கு வயது 13. ஏழு வயதில் அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை, என்று தெரிந்தது. எங்கள் சம்பந்தியம்மா மன்னார்குடியில் இருக்கிறார். அவரும் உங்கள் வாசகிதான். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸிலேயே கும்பகோணம் வந்துவிட்டார். வரும் வழியில் ஒரு மருந்துக்கடையில் ஏறி, 'ஸ்வீடன் ஜெல்' கேட்டிருக்கிறார். கடைப் பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஈசிஜி எடுக்கும்போது தடவுகிற ஜெல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதைக் கொண்டுவந்து என் மருமகளிடம் நீட்டி, "இனிமே புள்ளைய குத்தாதடி, பேப்பர்லயே போட்டுட்டான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் மீதும் கோபமில்லை, அவனுக்குத் தெரிந்த ஜெல் அதுதான். சம்பந்தியம்மா நம்பியது உங்களை.

நான் அரசு மருத்துவமனையில் 31 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் பாதிப் பேரின் விரலில் நான் குத்தியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

2023 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்த ஆய்வு லின்ஷோபிங், லுண்ட், கோத்தன்பர்க் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் செய்தது. நல்ல ஆய்வு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நரம்பின் சிக்னலைப் பிடிக்க அதன் பக்கத்தில் உலோகக் கம்பியை வைத்தால் உடம்பு அதைச் சும்மா விடாது. முள் ஏறின இடத்தைச் சுற்றிக் கெட்டிப்படுகிற மாதிரி, அதையும் சுற்றித் தழும்பு கட்டும், சிக்னல் மங்கிவிடும். அதனால் அவர்கள் கம்பிக்குப் பதிலாக ஒரு ஜெல்லை ஊசியால் செலுத்தினார்கள். அந்த ஜெல்லில் இருக்கும் நொதிகள் (என்சைம்கள்) உடம்பிலுள்ள குளுக்கோஸையோ லாக்டேட்டையோ பிடித்து வேதிவினை செய்ய, ஜெல் அங்கேயே மின்சாரம் கடத்துகிற மென்மையான பொருளாக மாறுகிறது. இதைச் செய்து பார்த்தது வரிக்குதிரை மீன் என்கிற சின்ன மீனின் மூளையிலும் இதயத்திலும் வாலிலும். அப்புறம் ரத்தம் உறிஞ்சும் அட்டையின் நரம்பிலும். மனிதர் உடம்பில் இல்லை.

உங்கள் கட்டுரையாளர் எங்கே வழுக்கினார் என்று இப்போது புரிகிறதா? அந்த ஜெல் சர்க்கரையை அளக்கவில்லை. தான் மின்சாரம் கடத்தும் பொருளாக மாறச் சர்க்கரையைச் செலவழிக்கிறது. அடுப்பில் விறகு எரிகிறது என்பதற்காக, அடுப்பு விறகை எடை போடுகிறது என்று எழுதலாமா? 'குளுக்கோஸ்' என்ற சொல்லைக் கண்டதும் சர்க்கரை நோயாளிகளை இழுத்துவந்து நிறுத்திவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உயிர்ப்பொருளையும் மின்முனையையும் (எலெக்ட்ரோடு) சேர்த்த கருவிக்காக அவர் ஸ்வீடன் வரை போயிருக்கவே வேண்டாம். எங்கள் வீட்டு பீரோவில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் அதுதான். அதன் நுனியில் ஒரு நொதி உலர்ந்து ஒட்டியிருக்கிறது. பல ஸ்ட்ரிப்புகளில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். பழைய வெங்காயத்தின் மேல் கறுப்பாகப் படியுமே ஒரு பூஞ்சை, அந்த இனத்திலிருந்து எடுப்பது. ரத்தம் பட்டதும் நொதி குளுக்கோஸிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்கி மின்முனைக்கு அனுப்பும். அந்தத் துளி மின்சாரத்தை அளந்துதான் மீட்டர் எண்ணைக் காட்டுகிறது. லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1962ல் இப்படி ஒரு மின்முனையை முன்வைத்தார்கள். அறுபது வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் அந்த ஒரு துளியை விரலிலிருந்துதான் எடுக்கிறோம்.

நாளைக்கு ஆறு குத்து என்று வைத்தால் வருடத்துக்கு 2,190. ஐம்பது ஸ்ட்ரிப் உள்ள பெட்டி ஆயிரத்துச் சொச்சம், அதில் வருடத்துக்கு 44 பெட்டி. நொதி என்பது புரதம், சூட்டில் கெட்டுவிடும். ஒரு மே மாதம் பார்சல் வேனில் நாள் முழுக்க வெயில் குடித்து வந்த பெட்டி தப்புத் தப்பாகக் காட்டி, மொத்தத்தையும் குப்பையில் போட்டோம். கையில் ஒட்டும் சென்சார் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பரீட்சை மாதங்களில் மட்டும் வாங்குகிறோம். ஒன்று ஐயாயிரத்தை ஒட்டி வருகிறது, 14 நாள்தான் உயிர். அதுவும் வியர்வையில் கழன்றுவிடும். போன மார்ச்சில் இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்து, சர்க்கரை 54, ஆபத்தான குறைவு என்று காட்டியது. வீடே எழுந்து ஓடியது. விரலில் குத்திப் பார்த்தால் 112, கவலைப்பட ஒன்றுமில்லை. அந்தக் கை மேலேயே குழந்தை ஒருக்களித்துப் படுத்திருந்திருக்கிறாள், அழுத்தத்தில் சென்சார் குறைத்துக் காட்டிவிட்டது. உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள் என்று அதோடு வரும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. விற்பவனே அவ்வளவு அடக்கமாக இருக்கிறான். நீங்கள்தான் அவதியை முடித்துவைத்துவிட்டீர்கள்.

சரி, இது முதல் தடவையா? கண்ணீரில் சர்க்கரை அளக்கும் கான்டாக்ட் லென்ஸை 2014ல் கூகுள் அறிவித்தபோது நீங்கள் முழுப் பக்கம் போட்டீர்கள். அந்தப் பக்கத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கண்ணீரின் சர்க்கரையும் ரத்தத்தின் சர்க்கரையும் சரியாகப் பொருந்தவில்லை என்று 2018 நவம்பரில் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கு ஒரு வரிகூட வரவில்லை. குழந்தை பிறந்தால் பக்கம் நிறைய எழுதுகிறீர்கள், இறந்தால் மட்டும் அடக்கமாக இருந்துவிடுகிறீர்கள்.

அப்புறம் அந்த ஸ்மார்ட் வாட்ச். தோலைத் துளைக்காமல் சர்க்கரை காட்டும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அதற்குப் பிறகும் உங்கள் தீபாவளிப் பரிசுப் பட்டியலில் அப்படி ஒன்று இருந்தது. என் மகனின் நண்பர் அன்போடு வாங்கிக் கொடுத்தார். அதைத் திண்டில் கட்டிப் பார்த்தேன், திண்டுக்குச் சர்க்கரை 104. நார்மல்தான், சந்தோஷம்.

பின்னட்டையைப் பற்றிப் பேசவே கூடாது என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். '48 நாளில் இன்சுலினை நிறுத்தலாம்' என்று பச்சை எழுத்தில் வருகிறதே. நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954ஆம் வருடச் சட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியாததா? டைப் 1 குழந்தை இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் ஐசியுவில்தான் பார்க்க வேண்டும். நான் வேலையில் இருந்தபோது அப்படி வந்த ஒரு பையனின் ரத்தத்தைச் சோதித்தவன். அந்த மீட்டர் எண்ணே காட்டவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது, மீட்டர் அளக்கும் எல்லையையே தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில், அதே அறிவியல் பக்கத்தில், 'இந்தச் சோதனை மீனிலும் அட்டையிலும் நடந்தது, இது சர்க்கரை அளக்கும் கருவி அல்ல' என்று இரண்டு வரி போடுங்கள். வரி விளம்பரங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். சம்பந்தியம்மாவுக்குக் கண்ணாடி போட்டும் அது தெரியாது. இனிமேல் இப்படிப்பட்ட செய்தி எதைப் போட்டாலும், எந்த உயிரில் சோதித்தார்கள் என்பதைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 'மீன்' என்பது இரண்டே எழுத்து, இடம் அடைக்காது.

என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பித்துவிடுவேன், பயப்படாதீர்கள். உங்கள் குறுக்கெழுத்துப் போட்டி பேத்திக்குப் பிடிக்கும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் பதினைந்து நிமிடத்தில்தான் அதைப் போடுகிறாள்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகன்,
கும்பகோணம்.

பி.கு.: ஈசிஜி ஜெல்லைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.