பாண்டிக்கு, எஞ்சின் விஷயமாக

அன்பு மகன் பாண்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாசி மாதம் நீ அனுப்பிய ஒரு வரிதான் உன்னிடமிருந்து கடைசியாக வந்தது. "அப்பா, குவாட் பைக் எஞ்சின் நல்லாப் பாத்துக்கிட்டா எத்தனை வருஷம் ஓடும்?" வேலை முடிந்ததும் விவரமாகச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. சரி, துபாய் மணல்மேட்டில் சிக்னல் கிடைக்காது, வேலை ஜாஸ்தி என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் என்மேல் கடனாக நிற்கிறது. மேலத்தெருத் தம்பி லீவு முடிந்து துபாய் திரும்புகிறான். அவன் கையில் இதையும் அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயையும் கொடுத்து விடுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த நாலு சக்கர மணல் பைக் எஞ்சினுக்கு வருஷக் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். கிலோமீட்டரும் உதவாது. முதல் கியரில் மணலில் உறுமிக்கொண்டு ஏறும்போது கிலோமீட்டர் நகராது, எஞ்சின் மட்டும் தேயும். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தோப்புக்காரர் தன் குவாட்டை நம் பட்டறைக்குக் கொண்டு வந்தார். அதைப் பிரித்துப் பார்த்தேன், புத்தகத்தையும் படித்தேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஆயிரம் மணி நேரம் திறக்காமல் ஓடும் என்பது என் கணக்கு. மணிக்கு இருபது கிலோமீட்டர் என்று வைத்தால் இருபதாயிரம் கிலோமீட்டர். ஜீப்பில் லட்சக்கணக்கில் பார்த்த உனக்கு இது குறைவாகத் தெரியும்.

ஏன் என்று கேட்பாய். தாத்தா கிணற்றில் இருந்த ஆயில் எஞ்சினை நினைத்துப் பார். நிமிடத்துக்கு 650 சுற்று. டுக்கு டுக்கு என்று ராத்திரி முழுக்க இறைக்கும், காலையில் போய் நாம்தான் நிறுத்துவோம். உன் குவாட் மணலில் சாதாரணமாகவே 6500 சுற்றுக்குப் போகும். அந்த எஞ்சின் பத்து மணி நேரத்தில் சுற்றியதை உன்னுடையது ஒரே மணியில் சுற்றிவிடுகிறது. ஒரே பிஸ்டன், ஒரே கிராங்க், எல்லாப் பாரமும் அதன் தலையில்.

இப்போது நீ கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். தோப்புக்காரர் வருஷத்துக்கு நூறு மணி ஓட்டினால் ஆயிரம் மணி அவருக்குப் பத்து வருஷம். வாடகைக்கு விடுகிற வண்டி ஒரு நாளைக்கு ஐந்து மணி, மாதத்துக்கு இருபத்தைந்து நாள், அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஏழு மாதம். பெருக்கிப் பார், 875 வருகிறது. பத்து வருஷ ஆயுளைக் கிட்டத்தட்ட அங்கே ஒரே சீசனில் தின்றுவிடும். அதனால் யாராவது உன்னிடம் "மூன்று வருஷ வண்டிதான், சும்மா கொடுக்கிறேன்" என்று சொன்னால் அந்த மூன்று வருஷத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. எத்தனை மணி என்று கேள். மீட்டர் இல்லை என்றால் பிளக் வயரில் சுற்றிக்கொள்கிற சின்ன மணி மீட்டர் விற்கிறது, விலை பெரிதில்லை. வாங்கி உன் வண்டி எல்லாவற்றிலும் மாட்டு.

நீ சொந்தமாக நாலு வண்டி போடப் போகிறாய் என்று சித்தப்பா மகன் சொன்னான். நீ சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

ஏர் ஃபில்டர். பட்டறையில் நான் சொல்லிச் சொல்லி உனக்குக் காது புளித்த விஷயம்தான், ஆனாலும் சொல்வேன். மணல் இரும்பைவிடக் கடினம். மாவு மாதிரி நைந்த தூசி ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உள்சுவரான போரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும். உங்கள் ஊர் வண்டிகள் பாதிக்குமேல் சாவது இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசு, அப்புறம் சோப்புத் தண்ணீரில் அலசு, முறுக்காமல் அமுக்கிப் பிழி, நிழலில் காய வை, ஃபில்டர் ஆயில் தடவி மறுபடி அமுக்கு. உட்காருகிற விளிம்பில் கொஞ்சம் கிரீஸ். கம்ப்ரஸர் காற்று அடிக்காதே, ஸ்பாஞ்ச் கிழியும். ஒரு வண்டிக்கு மூன்று ஸ்பாஞ்ச் வைத்துக்கொள், தினமும் மாற்று. மாற்றும்போது ஃபில்டருக்கு உள்பக்கக் குழாயில் விரலை விட்டுத் தடவிப் பார். விரலில் நறநற என்று பட்டால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். சில வண்டிகளில் போருக்கு உள்பூச்சு போட்டிருப்பான். நம் லேத்துக் கடையில் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்குகிற வேலை அதில் நடக்காது. பூச்சு போனால் மறுபூச்சு போடுகிற இடத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான்.

ஆயில் அடுத்தது. புது எஞ்சின் என்றால் முதல் இருபது மணியிலேயே மாற்று, உள்ளே இழைந்த இரும்புத்தூள் எல்லாம் அதில்தான் கிடக்கும். அப்புறம் புத்தகத்தில் நூறு மணி என்று போட்டிருந்தாலும் அந்த மணலுக்கும் அந்த வெயிலுக்கும் நீ ஐம்பதில் மாற்று. கிளட்ச் ஆயிலிலேயே ஊறுகிற வண்டிக்குக் கார் ஆயில் ஊற்றக் கூடாது, கிளட்ச் வழுக்கும். டப்பாவில் அதற்கான ஜாசோ எம்.ஏ. (JASO MA) முத்திரை இருக்கிறதா பார். கிளப்பினதும் முறுக்க விடாதே, இரண்டு நிமிடம் ஓடட்டும். வாடகைக்கு எடுக்கிறவனுக்கு அது தெரியாது, நீயே கிளப்பிச் சூடாக்கிக் கையில் கொடு. ரேடியேட்டர் இடுக்கில் மணல் அடைந்தால் மெதுவான தண்ணீரில் கழுவு. அப்புறம் ஏர் ஃபில்டர், மறக்காதே.

போடி ஜீப்காரர்கள் இன்னும் உன்னை விசாரிக்கிறார்கள். தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர், சத்தத்தை வைத்தே டேப்பெட்டா பேரிங்கா என்று சொல்ல உன் பையனை விட்டால் ஆளில்லை என்பார்கள். கேட்டால் எனக்கு நெஞ்சு நிறையும். ஒரு எஞ்சின் சத்தம் மாறினால் உனக்கு உடனே தெரிகிறது. வீட்டில் ஒரு குரல் மாறினால் தெரிய வேண்டாமா? மருமகள் செல்வி திருமங்கலம் போய் எழுபது நாள் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன். போன தடவை செல்வி கழுத்தில் ஆரம் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

2011 ஐப்பசி. ஆண்டிபட்டி கணவாயில் மாமா ஜீப் எஞ்சின் சீஸ் ஆகி, இறுகி நின்றதே, அதைச் சொல்கிறேன். அன்று காலையில் ஆயில் மாற்றியது நான். பழைய ஆயில் வடிந்ததும் டிரெயின் போல்ட்டைச் சும்மா கையால் திருகி வைத்தேன். புது காப்பர் வாஷர் சட்டைப் பையில் இருந்தது, போட்டு ஸ்பேனரால் இறுக்கலாம் என்று. அதற்குள் லாரிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். போய்ப் பேசிவிட்டு வந்து ஆயிலை ஊற்றிவிட்டேன். போல்ட்டை மறந்தேன். ஆயில் விளக்கு பல்பு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். நீ செக்கானூரணியில் எடுக்கும்போது ஆயில் இருந்திருக்கும். வழியெல்லாம் கொட்டிக்கொண்டே போயிருக்கிறது.

கயிறு கட்டி இழுத்து வந்த ராத்திரி, ஆயில் பார்க்காமல் வண்டி எடுக்கிறவன் மெக்கானிக்கா என்று மாமா முன்னாலும் பட்டறைப் பையன்கள் முன்னாலும் உன்னை அறைந்தேன். உனக்கு அப்போது இருபது வயது. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அம்மா துவைக்கும்போது என் பையிலிருந்து அந்த வாஷர் விழுந்தது. இது என்னங்க என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நடுவீட்டில் உட்கார்ந்து நீ பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். பத்தடி தூரம்கூட இல்லை. நான் சொல்லவில்லை. ஃபுல் எஞ்சின் வேலைச் செலவையும் உன் கணக்கில் வைத்தே ஊரெல்லாம் சொன்னேன். அடுத்த மாதம் நீ பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாய். பையன் சம்பாதிக்கப் போகிறான் என்றேன். வாஷர் இன்னும் என் பீடி டப்பாவில் இருக்கிறது. உன்மேல் தப்பில்லை பாண்டி. அன்றைக்கும் இல்லை. மாமாவிடம் போன ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும், அதிலும் வரிசை மாறிவிட்டது.

வண்டி வாங்குவதாக இருந்தால் அவசரப்படாதே. அட்வான்ஸ் கொடுத்துவிட்டாய் என்றால் அதையும் சொல், திட்ட மாட்டேன். கொடுக்கவில்லை என்றால், சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போய் வண்டி ஆறியிருக்கும்போது நீயே கிளப்பு. நீ வருவதற்கு முன்னால் சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடு. நீலப் புகை வந்தால் ரிங்கோ வால்வு சீலோ போய்விட்டது. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன் பார். ஃபில்டர் பெட்டியைத் திறந்து போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நாலு வண்டியையும் தனித்தனியாக. நான் பார்த்துச் சொல்கிறேன்.

போட்டோ அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிடு. திங்கட்கிழமை அங்கே கூட்டம் குறைவு என்பாய். ராத்திரி பத்து மணி வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். இங்கே பத்து என்றால் அங்கே எட்டரை.

அப்பா
செக்கானூரணி