வாத்தியாருக்கு எழுதிய மடல் குறித்து

அன்புள்ள நண்பா,

நலம், அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். நான் பதில் எழுதாமல் இருந்த காலத்திற்கு நீ கணக்கு வைத்திருப்பாய்; அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். வாத்தியாருக்கு மட்டும் என்று எண்ணி நீ எழுதிய மின்மடல் மடற்குழு முழுவதற்கும் வந்து சேர்ந்தது. உங்கள் நிலத் தகராறு பற்றி இனி எவரும் உன்னை நலம் விசாரிக்க வேண்டியதில்லை.

குற்றம் உன்னுடையது அன்று. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பயனர்களின் முகவரியோடு வந்து டிமார்க் என்னும், அனுப்புநர் போலியா எனப் பார்க்கும் சரிபார்ப்பில் தோற்கும் மடல்களை நிராகரிக்கும்படி தன் கொள்கையை இறுக்கியது. மடற்குழுவோ பொருள்வரியில் குழுப் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்ப்பதால் எழுதியவரின் சர்வர் இட்ட டிகேஐஎம் என்னும் மின்கையொப்பம் உடைந்து, சரிபார்ப்பு தோற்றுவிடும். ஆகவே அனுப்புநரைக் காட்டும் ஃப்ரம் ஹெடரில் (மடலின் தலைவரி) குழுவின் முகவரியை இட்டு, எழுதியவரின் முகவரியை பதில் போகவேண்டிய இடத்தைச் சொல்லும் ரிப்ளை-டூவுக்கு நகர்த்தும் வழக்கம், மடற்குழு மென்பொருளான மெயில்மேனை நடத்துவோரிடையே பரவியது. உன் கைப்பேசி ஃப்ரமில் கண்டதையே முகவரிப் புத்தகத்தில் பதிந்துகொள்கிறது. அதில் வாத்தியார், குண்டன், நான் எல்லோரும் ஒரே முகவரியில் குடியிருக்கிறோம்.

வரும் மடல்களைப் பிரித்துவைக்கும் ப்ரொக்மெயில் நிரலின் காலத்தில், அதனோடு வந்த ஃபார்மெயில் என்னும் கருவியைக் கொண்டு இதை முடித்திருப்போம். கட்டளையில் சிறிய எழுத்து ஐ (-i) இட்டால் பழைய ஹெடரை 'ஓல்டு' என்ற முன்னொட்டோடு காத்துவைக்கும் அதன் நாகரிகம் எனக்கு இன்றும் பிடிக்கும். இப்போது நம் சர்வரில் இருப்பது மடல் சர்வர் மென்பொருளான டவ்காட்டின் சீவ் என்னும் வடிகட்டி மொழி. ஹெடரைத் திருத்தும் எடிட்ஹெடர் நீட்சி, 2008இல் ஆர்எஃப்சி 5293 என்னும் இணையத் தர ஆவணமாக வந்ததுதான் என்றாலும், அங்கு இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கும், அதை இயக்கிவிட்டேன். மடற்குழுவின் அடையாளத்தைச் சொல்லும் லிஸ்ட்-ஐடி ஹெடர் நம் குழுவினுடையதாக இருந்தால் ரிப்ளை-டூவை ஒரு மாறியில் பிடித்து, பழைய ஃப்ரமை வேறு பெயரில் சேமித்து நீக்கி, பிடித்ததைப் புதிய ஃப்ரமாக எழுதுகிறேன். பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் முகவரியோடு நிற்பதைப் பார்க்க, உண்மையைச் சொன்னால், சிறுபிள்ளைத்தனமான மகிழ்ச்சி.

ஆனால் தூக்கத்தைக் கெடுத்த சங்கதி ஒன்று உண்டு. லிஸ்ட்-ஐடியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு மோசடிக்காரன் அதை நகலெடுத்து, ரிப்ளை-டூவில் உன் வங்கியின் முகவரியை இட்டு அனுப்பினால், என் விதியே அவனுக்கு வேடம் கட்டி உன் முன் நிறுத்தும். எனவே, நம் சர்வரே சரிபார்த்து எழுதும் ஆதன்டிகேஷன்-ரிசல்ட்ஸ் ஹெடரில் குழுவின் டொமைனுக்குரிய டிகேஐஎம் கையொப்பம் தேறியிருந்தால் மட்டுமே விதி இயங்குமாறு கட்டியிருக்கிறேன்; வெளியிலிருந்து நம் சர்வரின் பெயரில் வரும் அத்தகைய ஹெடர்கள் வாசலிலேயே நீக்கப்படுகின்றன. இப்படித் திருத்திய மடலை வேறு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடவும் கூடாது. எழுதியவரின் ஃப்ரம் இருக்கும், செல்லுபடியாகும் கையொப்பம் இராது. எதற்கு அஞ்சிக் குழு ஃப்ரமை மாற்றியதோ அதே நிராகரிப்பு நமக்கு நேரும். உன் அலுவலக முகவரிக்கு நீ வைத்திருக்கும் திருப்பலை இன்றே எடுத்துவிடு.

விதி இனி வரும் மடல்களையே திருத்தும். கைப்பேசியில் பதிந்துள்ள பழைய வாத்தியாரை நீதான் அழிக்க வேண்டும். அதுவரை அவருக்குத் தொலைபேசியில் பேசு.

உன்,
பழைய அறைத்தோழன்